20 முதல் 50 கேபிக்குள் போட்டோ, 10 முதல் 20 கேபிக்குள் கையெழுத்து: ஆன்லைன் விண்ணப்பத்துக்குப் படங்களைத் தயார் செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிப்பவர்கள் பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாவற்றையும் சீக்கிரம் நிரப்பிவிடுகிறார்கள். போட்டோவும் கையெழுத்தும் ஏற்றும் பக்கம் வந்ததும்தான் மாட்டிக்கொள்கிறார்கள். படம் பெரிதாக இருக்கிறது என்று தளம் சொல்லும், குறைத்துக் கொடுத்தால் ரொம்பச் சிறியதாக இருக்கிறது என்று சொல்லும், ஒரு வழியாக ஏற்றுக்கொண்டால் முகம் அகலமாகி ஆளே வேறு மாதிரி தெரியும். கடைசி நாள் என்றால் இன்னும் பதற்றம்.

இதற்கெல்லாம் காரணம் ஒன்றுதான். எல்லோரும் கேபியில் ஆரம்பிக்கிறார்கள். "50 கேபிக்குள் போட்டோ" என்று தேடி, முதலில் வரும் தளத்தில் படத்தைப் போட்டு, வந்ததை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். செய்யவேண்டிய வரிசை வேறு: முதலில் வெட்டுவது, அப்புறம் பிக்சல் அளவு, எல்லாவற்றுக்கும் கடைசியில் கேபி. இந்த வரிசையை விடாமல் பிடித்துக்கொண்டால் போன் ஒன்றை வைத்தே எல்லாப் படங்களையும் சரியாக முடித்துவிடலாம்.

எடுத்துக்காட்டாக, வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் அமைப்பான ஐபிபிஎஸ் நடத்தும் கிளர்க், பிஓ (அதிகாரி) தேர்வுகளையே வைத்துக்கொள்வோம். அதில் நான்கு படங்கள் கேட்பது வழக்கம். போட்டோ 200 × 230 பிக்சல், 20 முதல் 50 கேபி. கையெழுத்து 140 × 60 பிக்சல், 10 முதல் 20 கேபி. இடது கைப் பெருவிரல் ரேகை 240 × 240 பிக்சல், 20 முதல் 50 கேபி. கைப்பட எழுதிய உறுதிமொழி 800 × 400 பிக்சல், 50 முதல் 100 கேபி. நான்கும் ஜேபிஜி வடிவில் இருக்கவேண்டும். அறிவிக்கைக்கு அறிவிக்கை விதிகள் மாறக்கூடும் என்பதால், நீங்கள் விண்ணப்பிக்கும் அறிவிக்கையின் பின்பகுதியில் இருக்கும் ஸ்கேன் செய்வதற்கான வழிமுறைப் பக்கத்தை ஒருமுறை திறந்து, எண்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஆரம்பியுங்கள். வேறு தேர்வு என்றாலும் வேலை இதேதான், எண்கள் மட்டும்தான் மாறும்.

பிக்சல், கேபி, டிபிஐ

பிக்சல் என்பது படத்தின் நீள அகலம். 200 × 230 என்றால் குறுக்கே 200 புள்ளி, நெடுக 230 புள்ளி, மொத்தம் 46,000. உங்கள் போனில் எடுத்த படம் பெரும்பாலும் 3000 × 4000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளி. எவ்வளவு குறைக்கப் போகிறோம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

கேபி என்பது அந்தக் கோப்பு பிடிக்கும் இடம். ஒரே பிக்சல் அளவுள்ள இரண்டு படங்களுக்கு வெவ்வேறு கேபி இருக்கலாம், ஏனென்றால் ஜேபிஜியாகச் சேமிக்கும்போது குவாலிட்டி என்று ஒரு எண் இருக்கிறது. அதைக் குறைத்தால் படத்தின் நுணுக்கங்கள் போய் கேபி குறையும், ஏற்றினால் கூடும். ஜேபிஜி முறை படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட சின்னக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது, அதனால்தான் அளவுக்கு மீறிக் குறைத்த படத்தில் கன்னத்திலும் நெற்றியிலும் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. அதே படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து ஜேபிஜியாகச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கெடும். ஆகவே சரியாக வராவிட்டால் குறைத்த படத்தை மறுபடி குறைக்காதீர்கள், மூலப் படத்திலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.

டிபிஐதான் எல்லோரையும் குழப்புவது. ஏற்கெனவே போனில் எடுத்த படத்தில் டிபிஐ எண்ணை மட்டும் 72-லிருந்து 200 ஆக மாற்றினால் படத்தில் ஒரு புள்ளிகூட மாறாது. அது அச்சிடும்போது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பதைச் சொல்லும் குறிப்பு, அவ்வளவுதான். ஆனால் அறிவிக்கையில் சென்டிமீட்டரும் டிபிஐயும் மட்டும் கொடுத்து பிக்சல் கொடுக்காமல் விட்டிருந்தால் அது உங்களுக்குக் கணக்குப் போட உதவும்: சென்டிமீட்டரை 2.54-ஆல் வகுத்து டிபிஐயால் பெருக்குங்கள். 3 செ.மீ., 200 டிபிஐ என்றால் 236 வரும். ரேகைக்கு 240 என்று கேட்பது ஏறத்தாழ அதுதான். 10 செ.மீ. என்றால் 787, உறுதிமொழிக்கு 800 கேட்கிறார்கள்.

போட்டோவை எடுப்பது

வெள்ளை அல்லது வெளிர் நிறச் சுவர், முகத்துக்கு நேரே பகல் வெளிச்சம். ஜன்னலைப் பார்த்தபடி நில்லுங்கள், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் இருட்டிவிடும். சுவரை ஒட்டி நிற்காமல் இரண்டடி தள்ளி நின்றால் பின்னால் நிழல் விழாது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி கூடாது. பவர் கண்ணாடி போடுபவர்கள் அதில் வெளிச்சம் பட்டுத் தெறிக்காமல் கண் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செல்ஃபி வேண்டாம், கைக்கெட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். வேறு யாராவது நான்கைந்து அடி தள்ளி நின்று எடுக்கட்டும். அழகுபடுத்தும் வசதி போனில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், அதை அணைத்துவிடுங்கள். தேர்வறையில் உங்கள் முகத்தையும் இந்தப் படத்தையும் ஒப்பிடப் போகிறார்கள் என்பதை மறக்கவேண்டாம்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து ஐபோன் படங்களை ஹெயிக் என்ற வடிவில் சேமிக்கிறது. விண்ணப்பத் தளங்கள் பல அதை ஏற்பதில்லை. கோப்பின் பெயரில் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றி எழுதினாலும் உள்ளே இருப்பது மாறாது. செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் போய் "மோஸ்ட் கம்பாட்டிபிள்" என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு எடுத்தால் நேராக ஜேபிஜியாகவே வரும்.

எடுத்த படத்தைக் கணினிக்கு அனுப்ப வாட்ஸ்அப்பைப் பயன்படுத்துவதாக இருந்தால், போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் வழியிலேயே வாட்ஸ்அப் அதை ஒருமுறை சுருக்கிவிடும், நீங்கள் இரண்டாவது முறை சுருக்குவீர்கள். ஸ்டுடியோவில் எடுத்தால் அட்டையில் ஒட்டும் பிரிண்ட் மட்டும் வாங்கி வராமல் டிஜிட்டல் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். பிரிண்டைத் திரும்பப் போனில் படம் எடுத்து ஏற்றினால் பளபளப்பும் கோணலும் சேர்ந்து வரும்.

முதல் வேலை: வெட்டுவது

இங்கேதான் பாதிப் பேர் தவறவிடுகிறார்கள். அறிவிக்கையில் போட்டோ 4.5 × 3.5 செ.மீ. என்றும் இருக்கும், 200 × 230 பிக்சல் என்றும் இருக்கும். இரண்டும் ஒரே வடிவம் என்று நினைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3.5 அகலத்துக்கு 4.5 உயரம் என்ற விகிதத்தில் 200 பிக்சல் அகலம் வைத்தால் உயரம் 257 வரும், 230 அல்ல. ஸ்டுடியோவில் கொடுத்த பாஸ்போர்ட் அளவுப் படத்தை அப்படியே 200 × 230-க்குள் திணித்தால் 27 பிக்சல் உயரம் நசுங்கி முகம் பருத்துப் போகும். பிரவுசிங் சென்டரில் அவசரமாகச் செய்து கொடுத்த படங்களில் முகம் சப்பையாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

எனவே நசுக்காமல் வெட்டவேண்டும். தலைக்கு மேலே கொஞ்சம், மார்புக்குக் கீழே கொஞ்சம் என்று வெட்டி, விகிதத்தை 20-க்கு 23 என்று கொண்டுவாருங்கள். உச்சி முதல் தாடை வரை முழுதும் தெரியவேண்டும், தோள்பட்டையின் மேல்பகுதி தெரிந்தால் போதும், முகம்தான் படத்தின் பெரும்பகுதியாக இருக்கவேண்டும்.

கணினியில் ஜிம்ப் இருந்தால் (இலவச மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்) வெட்டும் கருவியை எடுத்து, அதன் விருப்பங்களில் "ஃபிக்ஸ்ட்" என்பதை டிக் செய்து, ஆஸ்பெக்ட் ரேஷியோவில் 20:23 என்று அடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு எப்படி இழுத்தாலும் கட்டம் அந்த விகிதத்திலேயே வரும். போனில் செய்பவர்கள் கேலரியிலேயே கண் மதிப்பில் வெட்டிக்கொள்ளலாம். அது சரியாக வந்ததா என்று அடுத்த படியிலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது: பிக்சல்

விண்டோஸ் 11-இல் போட்டோஸ் செயலியில் படத்தைத் திறந்து, மேலே இருக்கும் மூன்று புள்ளியை அழுத்தினால் "ரீசைஸ் இமேஜ்" என்று வரும். அகலத்தில் 200 என்று அடியுங்கள், உயரம் தானாக வரும். 230 அல்லது அதற்கு இரண்டு மூன்று முன்பின் இருந்தால் நீங்கள் வெட்டியது சரி, அகலத்தையும் உயரத்தையும் இணைக்கும் பூட்டுக் குறியைத் திறந்து 230 என்று அடித்துவிடலாம், அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 257 என்றோ 300 என்றோ வந்தால் திரும்பப் போய் வெட்டுங்கள். அங்கேயே குவாலிட்டி ஸ்லைடரும் புதிய கோப்பு எத்தனை கேபி வரும் என்ற கணக்கும் இருப்பதால் விண்டோஸ் 11 வைத்திருப்பவர்களுக்கு வேறெதுவும் தேவைப்படாது.

பெயிண்டிலும் பிக்சல் அளவை மாற்றலாம், ரீசைஸில் பிக்சல்ஸ் என்று தேர்ந்தெடுத்து எண்ணைக் கொடுத்தால் போதும். ஆனால் பெயிண்டில் ஜேபிஜி குவாலிட்டியைத் தேர்ந்தெடுக்க வழி கிடையாது, அது கொடுக்கும் கேபியைத்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். அதனால் இந்த வேலைக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஜிம்ப்பில் என்றால் இமேஜ் மெனுவில் "ஸ்கேல் இமேஜ்". அங்கேயே ரெசல்யூஷனில் 200 என்றும் போட்டுவிடலாம், டிபிஐ கேட்கும் தளத்துக்கு அது போதும்.

போன் மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்கு ஸ்குவூஷ் என்ற தளம் கைகொடுக்கும். கூகுள் குரோம் குழுவினர் உருவாக்கியது, பிரவுசரிலேயே திறக்கும். படத்தை அது வேறெங்கும் அனுப்புவதில்லை, சுருக்கும் வேலை உங்கள் போனுக்குள்ளேயே நடக்கிறது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாம் ஏற்றப்போவது வெறும் போட்டோ மட்டும் கிடையாது. கையெழுத்து, பெருவிரல் ரேகை, கைப்பட எழுதிய உறுதிமொழி. இவை மூன்றையும் யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஒரு "கேபி குறைக்கும்" தளத்தில் கொண்டுபோய் ஏற்றுவதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. கையெழுத்தையாவது மாற்றிக்கொள்ளலாம், ரேகையை மாற்ற முடியாது.

ஸ்குவூஷில் படத்தைத் திறந்ததும் "ரீசைஸ்" என்பதை ஆன் செய்து அகல உயரங்களைக் கொடுங்கள். கீழே கம்ப்ரெஸ் பகுதியில் மோஸ்ஜேபெக் என்று தேர்ந்தெடுங்கள், ஜேபிஜியாகச் சேமிப்பது அதுதான். வெப்பி, ஏவிஃப் போன்ற மற்ற வடிவங்களும் அங்கே இருக்கும், அவற்றை எடுத்தால் விண்ணப்பத் தளம் ஏற்காது.

மூன்றாவது: கேபி

இப்போது படம் 200 × 230 ஆகிவிட்டது. இந்த நிலையில் உங்களுக்கு வரும் பிரச்சினை நீங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருக்கும்: படம் 50 கேபிக்கு மேல் போகாது, 20-க்குக் கீழே நிற்கும். 46,000 புள்ளி கொண்ட படம் சாதாரணக் குவாலிட்டியில் அவ்வளவுதான் இடம் பிடிக்கும். குவாலிட்டி ஸ்லைடரை 90, 95 என்று ஏற்றிக்கொண்டே போங்கள், 20-ஐத் தாண்டும். படம் இன்னும் தெளிவாகத்தான் ஆகும், நல்லதுதான். தேவைப்பட்டால் 100 வரை போகலாம்.

20-ஐத் தொட்டதும் நிறுத்தாமல் 25, 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல் மேல் எல்லையிலும் 49.9 என்று ஓரத்தில் நிற்கவேண்டாம். ஒரு கேபி என்பதைச் சில மென்பொருள்கள் 1000 பைட் என்றும், சில 1024 பைட் என்றும் கணக்கிடுகின்றன. அதனால் உங்கள் கணினியின் கணக்கில் வரம்புக்குள் இருக்கும் படம், தளத்தின் கணக்கில் வரம்புக்கு வெளியே போய்விடலாம்.

விண்டோஸில் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் "சைஸ்", "சைஸ் ஆன் டிஸ்க்" என்று இரண்டு இருக்கும். இரண்டாவது எண் 4 கேபி 4 கேபியாக மேலே தள்ளிக் காட்டுவது, அதைப் பார்க்காதீர்கள். முதல் எண்தான் தளம் பார்ப்பது.

ஜிம்ப்பில் "எக்ஸ்போர்ட் ஆஸ்" கொடுத்து, குவாலிட்டிக்குப் பக்கத்திலுள்ள ஷோ பிரிவியூவை டிக் செய்தால் எத்தனை கேபி என்று அங்கேயே காட்டும். எக்ஸிஃப், தம்ப்நெயில் ஆகியவற்றைச் சேமிக்கும் டிக்குகளை எடுத்துவிடுங்கள். கேமரா விவரம், எடுத்த இடம், ஒரு குட்டிப் படம் என்று அதற்குள் இருக்கும் சங்கதிகள் பெரிய படத்தில் பொருட்டில்லை, 20 கேபி படத்தில் பல கேபியை விழுங்கிவிடும். வீட்டு இருப்பிடத்தைப் படத்தோடு சேர்த்து அனுப்பவும் தேவையில்லை.

கையெழுத்து

நான்கு படங்களில் மிகவும் படுத்துவது இதுதான். 140 × 60 என்பது 8,400 புள்ளி. வெள்ளைத் தாளில் நாலு கோடு. அதில் 10 கேபி வரவேண்டும் என்கிறார்கள். குவாலிட்டியை உச்சிக்கு ஏற்றினாலும் பல கையெழுத்துகள் 5, 6 கேபியிலேயே நின்றுவிடும்.

வழி இருக்கிறது. 140 × 60 என்பதை அறிவிக்கையில் விரும்பத்தக்க அளவு என்றுதான் குறிப்பிடுகிறார்கள், கேபி வரம்புதான் கறாரானது. ஆகவே அதே 7-க்கு 3 விகிதத்தில் 280 × 120 என்றோ 350 × 150 என்றோ வைத்து, குவாலிட்டியை 90-க்கு மேல் கொடுத்தால் 10 முதல் 20 கேபிக்குள் உட்கார்ந்துவிடும். உங்கள் அறிவிக்கையில் பிக்சல் அளவு கட்டாயம் என்று இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, கையெழுத்தை ஸ்கேனர் செயலியில் போட்டு சுத்தமான கறுப்பு வெள்ளையாக மாற்றும் பழக்கம் பலருக்கு உண்டு. அதைத் தவிருங்கள். தாளின் லேசான சொரசொரப்பும் மையின் அடர்த்தி வித்தியாசமும் படத்தில் இருந்தால் கேபியும் கொஞ்சம் கூடும், கோடுகளின் ஓரமும் பல் பல்லாக உடையாது.

கையெழுத்தை எடுக்கும்போதே வேலையைச் சுலபமாக்க ஒரு வழி: கோடு போடாத வெள்ளைத் தாளில் பென்சிலால் 7 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரத்துக்கு லேசாக ஒரு கட்டம் போட்டு, அதற்குள் நிறையும்படி கறுப்பு மைப் பேனாவால் கையெழுத்திடுங்கள். பென்சில் கோட்டுக்கு உட்புறமாக வெட்டினால் விகிதம் தானாகவே சரியாக இருக்கும். தாளை மேசையில் வைத்து, போனைத் தாளுக்கு இணையாக மேலே பிடித்து, உங்கள் கை நிழல் விழாத பக்கமாக நின்று எடுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் போட்ட கையெழுத்தை ஏற்கமாட்டார்கள். தேர்வு நாளில் வருகைத் தாளில் நீங்கள் போடப்போகும் கையெழுத்தும் இதுவும் ஒத்துப்போகவேண்டும் என்பதால், அழகாக இருக்கட்டும் என்று புதிதாக ஒன்றைப் போடாமல் வழக்கமாகப் போடுவதையே போடுங்கள்.

ரேகையும் உறுதிமொழியும்

ரேகைக்கு மை பேடில் விரலை மெதுவாக ஒற்றி, முதலில் வேறொரு தாளில் ஒருமுறை வைத்து அதிக மையை எடுத்துவிட்டு, அப்புறம் வெள்ளைத் தாளில் வையுங்கள். தேய்க்கக்கூடாது. ரேகைக் கோடுகள் தனித்தனியாகத் தெரியவேண்டும், கறுப்புத் திட்டாக இருந்தால் மறுபடி வையுங்கள். சதுரமாக வெட்டி 240 × 240 ஆக்கிவிட்டால் கேபி பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

உறுதிமொழி சுலபம். அறிவிக்கையில் கொடுத்திருக்கும் ஆங்கில வாசகத்தை, 10 × 5 செ.மீ. கட்டத்துக்குள் கறுப்பு மையில், பெரிய எழுத்துகளாக இல்லாமல், விண்ணப்பிப்பவரே தன் கைப்பட எழுதவேண்டும். 800 × 400-க்குக் குறைத்து குவாலிட்டியை 70, 80 என்று நகர்த்திப் பார்த்தால் 50 முதல் 100 கேபிக்குள் வந்துவிடும். பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொரு சொல்லும் படிக்க முடிகிறதா என்று மட்டும் சரிபாருங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் ஏற்கவில்லையா?

கோப்பின் பெயரைப் பாருங்கள். தமிழ் எழுத்து, இடைவெளி, அடைப்புக்குறி எதுவும் இல்லாமல் ஒற்றை ஆங்கிலச் சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் கோப்பின் வால் பகுதியை மறைத்து வைத்திருப்பதால் நாமும் ஒருமுறை ஜேபிஜி என்று எழுத, பெயரில் இரண்டு தடவை ஜேபிஜி வந்து நிற்பதும் உண்டு. எக்ஸ்ப்ளோரரின் வியூ பகுதியில் கோப்பின் வாலைக் காட்டும்படி மாற்றினால் தெரிந்துவிடும். ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து வெட்டிய படமாக இருந்தால் அது பிஎன்ஜி என்ற வேறொரு வடிவில் இருக்கலாம், அதையும் ஜேபிஜியாக எக்ஸ்போர்ட் செய்யவேண்டும், பெயர் மாற்றினால் போதாது.

போனில் நேராகத் தெரியும் படம் தளத்தில் படுத்துக்கொண்டால், போன் படத்தைத் திருப்பாமல் "இதைத் திருப்பிக் காட்டு" என்று ஒரு குறிப்பை மட்டும் வைத்திருக்கிறது, தளம் அந்தக் குறிப்பைப் படிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு எடிட்டரில் திறந்து, ஓரத்தில் கொஞ்சம் வெட்டி, புதுக் கோப்பாகச் சேமித்து அதிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.

ஸ்டுடியோ கொடுத்த கோப்பு மட்டும் ஏறாமல் முரண்டுபிடித்தாலோ நிறம் விகாரமாகத் தெரிந்தாலோ, அது அச்சுக்கான சிஎம்ஒய்கே நிற முறையில் இருக்கலாம். ஸ்டுடியோவிலேயே சொல்லி, திரைக்கான ஆர்ஜிபி நிற முறையில் சேமித்துத் தரச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது ஒரு நிமிட வேலை.

ஏற்றிய பிறகு தளம் காட்டும் முன்னோட்டத்தைப் பார்க்காமல் அடுத்த பட்டனை அழுத்தாதீர்கள். போட்டோ இருக்கவேண்டிய இடத்தில் கையெழுத்தும் கையெழுத்தின் இடத்தில் போட்டோவும் மாறி ஏறிப்போவது நிறைய நடக்கிறது. முகம் நசுங்கியிருக்கிறதா, கையெழுத்து மங்கியிருக்கிறதா என்று அந்த முன்னோட்டத்தில்தான் பார்க்கமுடியும், கடைசியாகச் சமர்ப்பித்த பிறகு மாற்றுவது பெரும்பாடு.

வேலை முடிந்ததும் மூலப் படங்களை ஒரு ஃபோல்டரிலும், குறைத்த படங்களை வேறொரு ஃபோல்டரிலும் தேர்வின் பெயரோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த விண்ணப்பம் வேறு அளவு கேட்கும், அப்போது மூலத்திலிருந்து எடுத்தால் போதும். பிரவுசிங் சென்டரில் செய்திருந்தால் எழுந்து வருவதற்கு முன் அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், ரீசைக்கிள் பின் மூன்றிலிருந்தும் உங்கள் படங்களை அழித்துவிடுங்கள், வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் அதிலிருந்தும் வெளியேறிவிடுங்கள்.